நாற்பத்தொன்றாம் எண் கொட்டகை

அத்தியாயம் 14

மூன்று நாளாக அண்ணன் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கத்தித் தீர்த்திருந்தால்கூட அம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் பெரியவன் கத்துகிற ரகம் இல்லை. கோபம் வந்தால் அவனுக்கு மரியாதை வந்துவிடும். புதன்கிழமை சாப்பிடும்போது, "தண்ணி ஜாடிய கொஞ்சம் இப்படி நகர்த்துறீங்களா?" என்று தங்கையைக் கேட்டான். அதற்குப் பதிலாக முதுகில் நாலு சாத்து சாத்தியிருக்கலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

எல்லாம் திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது. கால்வாய் ஓரத்தில் இருக்கும் தன் வண்டிப் பெயின்ட் கொட்டகையைத் திறக்கப் போனவன், சுவரில் சிவப்பு மையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான். 41. கால்வாய்க் கரையிலிருந்து இருபது மீட்டருக்குள் இருக்கும் கட்டடங்களை எல்லாம் அப்புறப்படுத்தப் புது விதி வரப்போகிறது, அதற்காக அளவெடுத்து எண் போடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த நாலு யார் எழுதியது என்பதும் தெரிந்தது. மேல்பக்கம் மூடாமல், கவிழ்ந்து விழுந்த நாற்காலி மாதிரி ஒரு நாலு. அவளுக்கு எண் எழுதக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். எட்டு வயது மூத்தவன்.

சின்னவள் கல்லூரியில் படிப்பது சுற்றுச்சூழல் கொள்கை. மூன்றாம் வருடம். சேர்ந்த புதிதில் சொந்தக்காரர்கள் எல்லாரும் இது மரம் நடுகிற படிப்பா என்று விசாரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு வாசலில் வாடிப்போன செடியைக் காட்டி வைத்தியம் கேட்டார். அம்மாவுக்கு மகள் நர்சாக வேண்டும் என்று ஆசை. "அவ இஷ்டப்பட்டதப் படிக்கட்டும்மா" என்று நடுவில் நின்று பேசி, பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது அண்ணன். அன்றிலிருந்து அவளுக்கு அவன் வைத்த பெயர் 'மேடம்'.

அந்த மேடத்தைக் கல்லூரி இந்த வருடம் நீர்வழி அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரம் முழுக்க நடந்தவள் அவள்தான். அறுபத்து மூன்று கட்டடங்கள். நாற்பத்தொன்றாவதன் முன்னால் நாடா நின்றபோது சனிக்கிழமை மதியம். கொட்டகை பூட்டியிருந்தது.

இன்று வியாழக்கிழமை. வரைவு விதிமேல் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டம், காலை பதினொரு மணிக்கு.

*

காலையில் சின்னவள் எழுந்தபோதே பெரியவன் கிளம்பிப் போயிருந்தான். அடுப்பில் அவளுக்கும் சேர்த்து டீ போட்டு மூடி வைத்திருந்தான். கோபத்திலும் அவனுக்கு இந்த வழக்கங்கள் தப்புவதில்லை. அதுதான் அவளை இன்னும் வாட்டியது.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். டிக்கெட் கொடுப்பதும் அவள்தான். பதினேழு வருடமாக. சின்னவள் அன்று அம்மாவின் பேருந்திலேயே ஏறினாள். கூட்டம் நடக்கும் மண்டபம் கடைசி நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் மூக்குக்கு நேரே, வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று எழுதிய பலகை. அம்மா அந்த விஷயத்தில் பெற்ற மகளுக்கும் சலுகை தருவதில்லை. நாற்பது நிமிடம் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் மட்டும் அம்மாவின் கண் அவ்வப்போது வந்துவிட்டுப் போனது.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். அடுத்த நடைக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. அம்மா எஞ்சினை நிறுத்திவிட்டு, கையுறையைக் கழற்றி ஸ்டியரிங் மேல் போட்டாள். திரும்பி உட்கார்ந்தாள்.

"எழுதும்போது அது அவன் கொட்டகைன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா."

"எழுதினதத் தப்புன்னு நான் சொல்லல. உன் வேலை அது. ஞாயித்துக்கிழம பூரா அவன்கூட உக்காந்து டீவி பாத்தியே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

சின்னவள் முதலில் ஒரு காரணம் சொன்னாள். பட்டியல் வெளியாகும் முன்னால் வெளியே சொல்லக்கூடாது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள் என்றாள். அது உண்மைதான். அம்மா அவளையே பார்த்தாள். பதினேழு வருடமாக, சில்லறை இல்லை, டிக்கெட் தொலைந்துவிட்டது, இப்போதுதான் ஏறினேன் என்று விதவிதமாகக் கேட்டுப் பழகிய முகம் அது.

"பயமா இருந்துச்சும்மா," என்றாள் சின்னவள் கடைசியில்.

"இத அவன்கிட்ட சொல்லு. அந்த ஆபீஸ் கதைய அவன்கிட்ட சொல்லாத."

அதற்குப் பிறகுதான் சின்னவள் பையிலிருந்து வரைவு விதியின் பிரதியை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை கல்லூரி நூலகத்தில் பயிற்சிக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது கண்டுபிடித்த ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதன்முதலாக அம்மாவிடம் சொன்னாள்.

எந்த விதியைக் கையில் எடுத்தாலும், வார்த்தைகளுக்கு விளக்கம் சொல்லும் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். முதல் வருடத்திலேயே அவர்களுக்கு அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். அளவு நாடாவைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் அதை மறந்துபோனாள். அலுவலகத்தில் தண்ணீர் விளிம்பிலிருந்து அள என்றார்கள், அளந்தாள். ஆனால் விதியில் 'கரை' என்றால் பழைய நில அளவை வரைபடத்தில் உள்ள கரைக்கல் என்று எழுதியிருந்தது. கால்வாய் வளையும் இடத்தில், பல வருடமாகத் தண்ணீர் மண்ணை அரித்து இந்தப் பக்கம் நான்கு மீட்டர் உள்ளே வந்துவிட்டது. கரைக்கற்கள் இப்போது தண்ணீருக்குள் நிற்கின்றன. அங்கிருந்து அளந்தால் ஒன்பது கட்டடங்கள் இருபது மீட்டருக்கு வெளியே போய்விடும்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்போ நம்ம கொட்டகை?"

"இல்லம்மா. தண்ணியிலேர்ந்து ஒம்போது மீட்டர். கல்லுலேர்ந்து அளந்தா பதிமூணு. எப்படி அளந்தாலும் அண்ணன் உள்ளதான்."

அம்மா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு விரலை மாட்டி, ஏதோ யோசித்து, மறு விரலை மாட்டினாள்.

"அப்போ நீ வாயத் தெறந்தா அவனுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. உன் பயிற்சி மார்க்குதான் போகும்."

"போகலாம்."

"ஊர் என்ன சொல்லும்? அண்ணனுக்காகப் பேசறான்னு சொல்லும்."

"சொல்லும்மா."

வண்டியில் ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அம்மா எஞ்சினைக் கிளப்பினாள். "எறங்கு. நேரமாச்சு," என்றாள். சின்னவள் படியில் கால் வைத்தபோது, முன்னால் சாலையைப் பார்த்தபடியே, "பாத்துப் பேசு. அவசரப்படாத," என்றாள். பலகை இருந்தும் அம்மா பேசியது அன்றுதான்.

*

மண்டபத்தில் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாதி நிரம்பியிருந்தது. பேச விரும்புகிறவர்களுக்கு வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். முன் வரிசையில் கிடங்குக்காரர் உட்கார்ந்திருந்தார். கால்வாய் ஓரத்துக் கொட்டகைகளில் ஐந்து அவருடையவை. பெரியவன் வாடகைக்கு இருப்பதும் அவற்றில் ஒன்றில்தான். பக்கத்தில் கறுப்புக் கோப்போடு அவருடைய வக்கீல்.

பெரியவன் கடைசி வரிசையில் இருந்தான். நேராக வேலையிலிருந்து வந்திருக்கிறான். நகக்கண்ணில் மஞ்சள் பெயின்ட். பள்ளிக்கூட வேன் ஒன்றுக்கு முதல் கோட் அடித்து முடித்திருக்க வேண்டும். சின்னவளைப் பார்த்தான். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

அவள் நேரே பொறியாளரிடம் போனாள். நீர்வழி அலுவலகத்தின் பொறியாளர் ஐம்பது வயதுப் பெண். பயிற்சி அறிக்கையில் கையெழுத்துப் போடவேண்டியவர். அவரை மேடைக்குப் பின்னால் நிறுத்தி, விளக்கப் பகுதியைக் காட்டி, நாற்பத்தொன்று தன் அண்ணன் கொட்டகை என்பதையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னாள். பொறியாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். தண்ணீர் விளிம்பிலிருந்து அளக்கச் சொன்னது அவர்தான்.

அவர் கேட்ட முதல் கேள்வி, உன் அண்ணன் கொட்டகை வெளியே வருகிறதா என்பதுதான். இல்லை என்றாள். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அளக்கச் சொன்னது நான். அந்தத் தப்பு என்னோடது, அத நான் எழுதிக் கொடுத்துடறேன். ஆனா மைக்குல நீ சொல்லு. நாடாவப் பிடிச்ச கை சொன்னாத்தான் நம்புவாங்க. அண்ணன் யாருங்கறத முதல்லயே சொல்லிடு. வேற யாராவது சொல்லி அப்புறம் நீ ஆமான்னு சொல்லக் கூடாது."

பதினோராவதாக அவளைக் கூப்பிட்டார்கள். மைக் ஒரு முறை கிறீச்சிட்டு அடங்கியது. தான் கல்லூரி மாணவி, அளவெடுத்தவர்களில் ஒருத்தி, நாற்பத்தொன்றாம் எண் கொட்டகையில் தொழில் செய்பவர் தன் அண்ணன் என்று ஆரம்பித்தாள். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. யாரோ சிரித்தார்கள். அவள் தாளைப் பார்க்காமல் பேசினாள். விதியில் ஒன்று எழுதியிருக்கிறது, தாங்கள் அளந்தது வேறு ஒன்று, ஆகவே பட்டியல் தப்பு என்றாள். வெளியே போகக்கூடிய ஒன்பது எண்களையும் வாசித்தாள். அதில் நாற்பத்தொன்று இல்லை.

முணுமுணுப்பு நின்றது.

அவள் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் ஒன்பது பேர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் இன்னொன்றும் சொன்னாள். தன் சொந்தக் கருத்து என்று சொல்லித்தான் சொன்னாள். வெள்ளம் வந்தால் தண்ணீர் பழைய கல்லைப் பார்த்து நிற்காது. தண்ணீர் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்று அவளும் நினைக்கிறாள். அப்படியென்றால் விதியைத் திருத்தி, எல்லாருக்கும் தெரியச் சொல்லி, பிறகு அளக்க வேண்டும். விதியில் இல்லாத அளவை வைத்து ஒருவர் சுவரில் எண் எழுதக்கூடாது. "எழுதினது நான்தான். அதுக்காக வருத்தப்படறேன்," என்று முடித்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த ஒன்பதில் ஒன்றான முப்பத்தெட்டாம் எண்ணில் தையல்கடை வைத்திருக்கும் பெண், சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாவது டோக்கன் பெரியவனுடையது.

அவன் மைக் பக்கம் மெதுவாக நடந்து வந்தான். சட்டைப்பையிலிருந்து எழுதி வைத்திருந்த ஒரு தாளை எடுத்தான். ஒரு நிமிடம் பார்த்தான். மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அதில் என்ன எழுதியிருந்தான் என்று சின்னவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"என் கொட்டகைத் தண்ணி கால்வாய்க்குத்தான் போகுது," என்றான். "வண்டி கழுவுற தண்ணி, உப்புத்தாள் தேய்க்கிற தண்ணி, எல்லாம். அது நல்லதில்லன்னு எனக்குத் தெரியும். வீட்டுல இந்தப் படிப்பு படிக்கிற ஆள் இருக்கறதால ரொம்ப நல்லாத் தெரியும். போகச் சொன்னா போறேன். எங்க போகணும்னு மட்டும் கேக்கறேன்."

பொறியாளர் விதியைப் புரட்டினார். அகற்றப்படும் கட்டடத்தின் உரிமையாளருக்கு, ஊருக்கு வெளியே தொழில் வளாகத்தில் மாற்று இடம் என்று வாசித்தார். கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் வசதியோடு.

"உரிமையாளருக்கா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

பெரியவன் முன் வரிசையைப் பார்க்கவில்லை. "சொவரு அவரோடது. ஆறு வருஷமா உள்ள நின்னு வேல செய்யறது நான். சொவரு போய் அங்க பெயின்ட் அடிக்குமா?"

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி வந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் மண்டபத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அவன் பக்கவாட்டில் திரும்பினான். மூன்று நாளைக்குப் பிறகு தங்கையை நேராகப் பார்த்தான்.

"மேடம், இதுக்கு அதுல என்ன வார்த்த போடணும்?"

அவள் எழுந்து நின்றாள். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. 'உரிமையாளர்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'அல்லது அனுபோகதாரர்' என்று சேர்க்க வேண்டும் என்றாள். அப்படியென்றால் என்ன என்று பின்னாலிருந்து ஒரு குரல். இடத்தை இப்போது யார் பயன்படுத்துகிறாரோ அவர், வாடகைக்கு இருந்தாலும், என்றாள். பொறியாளர் குனிந்து எழுதிக்கொண்டார். எழுதியதை மைக்கில் திரும்ப வாசித்தும் காட்டினார்.

கிடங்குக்காரர் வக்கீலிடம் ஏதோ சொன்னார். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

*

மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் முடிந்தது. முடிவு என்று எதுவும் அன்றே வராது. அளவுப் பட்டியல் நிறுத்தி வைக்கப்படும், விளக்கப் பகுதியை மறுபடி பார்ப்பார்கள், அனுபோகதாரர் பற்றிய கோரிக்கை மேலிடத்துக்குப் போகும். பொறியாளர் அவ்வளவுதான் சொன்னார். ஆனால் பட்டியலை நிறுத்தும் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். சின்னவளின் பயிற்சி அறிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அண்ணனும் தங்கையும் மண்டபத்துப் படியில் சந்தித்துக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கிழமயே சொல்லியிருக்கணும்ணா. பயமா இருந்துச்சு," என்றாள் அவள்.

"என்னப் பாத்தா?"

"நீ பேசாம இருந்துடுவியோன்னு."

"இருந்துட்டேனே," என்றான் அவன். பிறகு, "எழுதும்போது கை நடுங்கலியா உனக்கு?" என்று கேட்டான்.

"நடுங்குச்சு. அதான் நாலு அப்படி இருக்கு."

"பொய் சொல்லாத. உன் நாலு எப்பவும் அப்படித்தான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எதிரே ஒரு கடையில் ஆளுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்தார்கள். பன்னைக் கடித்துக்கொண்டே அவன் அந்தத் தொழில் வளாகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தான். அங்கே கூரை எவ்வளவு உயரம், பெரிய வேன் உள்ளே நுழையுமா, மின்சாரம் கம்ப்ரசரைத் தாங்குமா என்று. அவளுக்கு விதி தெரிந்த அளவு கூரை தெரியாது. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். கரை வளையும் இடத்தில் நின்று, தண்ணீருக்குள் பாசி பிடித்து நின்ற ஒரு கல்லைக் காட்டினாள். ஆறு வருடமாக அந்தக் கல்லைப் பார்த்தபடிதான் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுகிறேன் என்றான் அவன். அது என்ன கல் என்று ஒருநாளும் யோசித்ததில்லையாம்.

இரண்டாவது கோட் அடிக்க வேண்டும், நாளைக் காலை எட்டு மணிக்கு வேனை எடுக்க வருவார்கள் என்று அவன் நடையை எட்டிப் போட்டான். கொட்டகையின் முன்னால் வந்ததும் சாவியை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது.

அவனுடைய பூட்டு அப்படியேதான் இருந்தது. அதற்கு மேலே, புதிதாக அடித்த ஒரு தாழ்ப்பாளில், இன்னொரு பூட்டு தொங்கியது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

உள்ளே பள்ளிக்கூட வேன். அவனுடைய கம்ப்ரசர், ஸ்ப்ரே கன், ஆறு வருடச் சாமான்கள். பெரியவன் பூட்டை இழுத்துப் பார்த்தான். ஒரு தடவைதான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான்.

"உன் படிப்புல இதுக்குப் பேரு ஏதாவது இருக்கா?"

"இருக்கு. சட்டவிரோத வெளியேற்றம்," என்றாள் அவள். "பேரு இருக்கு. சாவி இல்ல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். வேன்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. திரையில் கிடங்குக்காரர். பெரியவன் மூன்று தடவை மணி அடிக்க விட்டான். பிறகு எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, படியில் தங்களுக்கு நடுவில் வைத்தான்.

"தம்பி," என்றது குரல். கோபமே இல்லாத குரல். "மண்டபத்துல நல்லாப் பேசினப்பா. ஊரே கேட்டுச்சு. இப்போ நாம ரெண்டு பேரும் தனியா பேசலாமா?"

"பேசலாம்ணே," என்றான் பெரியவன். "தங்கச்சி பக்கத்துல இருக்கா. கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் பேசுங்க. அவ எழுதிக்கிட்டு இருக்கா."

சின்னவள் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் பையைத் திறந்து பேனாவைத் தேடினாள்.